திரையை எழுப்பும் விசை

நடந்தவை இவை:

1. எண்பதுகளின் பிற்பகுதியில், ஈப்போவில் ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கிய சிறிய கம்ப்யூட்டர் நிறுவனத்தில் நிரல் எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன்.
2. திரையின் பின்னணிப் படத்தை மாற்றும் நிரல் ஒன்றை எழுதினேன்.
3. வாடிக்கையாளர்கள் கேட்கக் கேட்க அதில் புதிய வசதிகளைச் சேர்த்தேன்.
4. அவற்றில் ஒன்று கமுந்திங்கில் இருந்த ஒரு கையுறைத் தொழிற்சாலைக்குப் போனது.
5. அங்கே சரோஜா என்ற பெண் தன் அலுவலக வேலையை இழக்கும் நிலைக்கு வந்தார்.
6. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் கிடைத்தது.

இதை எழுதக் காரணம், நான் கடைசியாக வேலை செய்த அலுவலகத்துப் பெண்கள் இருவர். போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பார்க்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் ஏற்பத் தானே படத்தை மாற்றிக்கொள்ளும் ஒரு புதிய செயலியைப் பற்றிப் பேச்சு ஓடியது. நானும் அந்தக் காலத்தில் அப்படி ஒன்றை எழுதியிருக்கிறேன் என்றேன்.

"அப்பல்லாம் வால்பேப்பரே இருந்திருக்காதே அக்கா. என்னாத்த மாத்துனீங்க?" என்று சிரித்தார்கள்.

நியாயமான கேள்விதான். பதில் சற்று நீளம்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டு, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது ஈப்போவுக்கு வந்தோம். எழுபதுகளின் கடைசியில் மாலை வகுப்பில் தட்டச்சு படித்தேன். பிறகு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர். அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படித்தேன், தேறினேன், வேலை தேடினேன், கிடைத்தது.

அப்போதைய திரைகளுக்கு ஒரு நோய் இருந்தது. ஒரே எழுத்துகளை நாள் முழுவதும் காட்டிக்கொண்டிருந்தால், அவை கண்ணாடியின் உட்புறப் பூச்சிலேயே பதிந்துவிடும். ஜெலாப்பாங்கில் மரச்சாமான் செய்யும் வாடிக்கையாளர் ஒருவரிடம் எங்கள் கணக்கு நிரல் ஓடியது. அதன் முதல் பட்டியல் அவருடைய திரையில் அப்படியே பதிந்து, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஆவி போலத் தெரிந்தது. துப்புரவுக்கு வந்த அம்மா அதை அழுக்கு என்று நினைத்து, சோப்புப் போட்டு ஒரு காலைப்பொழுது முழுக்கத் தேய்த்திருக்கிறார். என்னோடு வேலை செய்த மோகன் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: "நல்லவேளை கமலா, அவங்க பெருசா தேய்க்கல. இல்லன்னா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போயிருப்பாங்க."

ஒரே காட்சி நிற்கக் கூடாது என்றால் காட்சி மாற வேண்டும். அங்கே தொடங்கியதுதான் எங்கள் நிரல். வண்ணத் திரைகள் வந்துகொண்டிருந்த நேரம் அது. பட்டியலுக்குப் பின்னால் ஒரு படம் நிற்கும். மறுநாள் காலை இயந்திரத்தைப் போட்டால் வேறு படம் வரும். படங்களை மோகன் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைவான். ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள், ஈயம் எடுக்கும் மிதவைக் கப்பல், பச்சை வயல், கெண்டை மீன். கிடைத்த பதினாறு நிறங்களில் குன்றுக்குப் பச்சை சரியாக அமையவே இல்லை. எந்தக் குன்றை வரைந்தாலும் வாழையிலை விரித்ததுபோல் இருந்தது. வாடிக்கையாளர்கள் அதையும் விரும்பினார்கள்.

எங்கள் மேலாளர் துரைசிங்கம் சார். தைப்பிங்கில் பிறந்த இலங்கைத் தமிழர். தந்தி இலாகாவில் நெடுங்காலம் இருந்து, ஓய்வுக்குப் பிறகு இங்கே வந்தவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, அதன் பையில் இரண்டு பேனா. ஒன்று எழுத, மற்றொன்று இரவல் கேட்பவர்களுக்கு. அந்த இரண்டாவது பேனாவில் மை இருக்காது. யாரையும் அதட்டியதில்லை. ஒரு புதிய வசதியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனால் நாளிதழைத் தாழ்த்தி ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"ஆருக்கு?"

"எல்லாருக்கும் சார்" என்று சொன்னால் நாளிதழ் மறுபடி மேலே போய்விடும். ஓர் ஆளின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்த ஆள் என்ன சொல்லிக் குறைப்பட்டார் என்பதை அவர் வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். அதன் பிறகுதான், "இரும் பிள்ளை" என்று நாற்காலியைக் காட்டுவார்.

எழுதி முடித்த வசதி, வெள்ளிக்கிழமை மதியத்தைத் தாண்டாமல் வெளியே போகாது. மலாய் நண்பர்கள் தொழுகைக்குப் போயிருப்பார்கள், வாடிக்கையாளர் தொலைபேசியும் ஓய்ந்திருக்கும். அந்த நேரத்துக்குத் 'தப்பு நேரம்' என்று பெயர் வைத்திருந்தார். அப்போது எல்லோரும் தப்பு மட்டுமே செய்ய வேண்டும். விசைப்பலகை மேல் கோப்பைப் போடுவது, இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்துவது, பாதி வேலையில் எழுந்து போய்விடுவது. தப்பு செய்வதில் சாரை மிஞ்ச ஆள் இல்லை. ஒருமுறை குடையை விசைப்பலகை மேல் சாய்த்துவிட்டு அமைதியாகத் தேநீர் குடிக்கப் போனார். அன்று என் நிரல் நின்றுபோனது.

அப்படித் தேறி வந்தவை மூன்று புதிய வசதிகள். முதலாவது, படம் நாளுக்கு ஒருமுறை மாறாமல், நாம் குறித்த இடைவெளியில் மாறும். இரண்டாவது, எல்லாப் படங்களும் ஒரு சுற்று வந்து முடியும்வரை ஒரு படம் திரும்ப வராது. மூன்றாவதுதான் எல்லோரையும் கவர்ந்தது: விசைகளை யாரும் தொடாமல் மூன்று நிமிடம் போனால், வேலைப் படிவம் ஒதுங்கிக்கொள்ளும், படம் திரை முழுவதையும் நிறைக்கும். ஏதாவது ஒரு விசையைத் தட்டினால் படிவம் விட்ட இடத்திலேயே திரும்பி வரும்.

இந்த மூன்றாவதில் சார் ஒரு விதியைச் சேர்க்கச் சொன்னார். பாரிட் புந்தாரில் ஓர் அரிசி ஆலையில் இதை முதலில் போட்டபோது, எழுத்தர் ஒருவர் படத்தைக் கலைக்க எண்டர் விசையைத் தட்டினார். படிவம் திரும்பி வந்தது. அதே எண்டர், பாதி நிரப்பியிருந்த படிவத்தையும் பதிவு செய்துவிட்டது. அதிலிருந்து சார் விதி இது: திரையை எழுப்பும் விசை படிவத்துக்குள் போகக் கூடாது. எழுப்பியதோடு அதன் வேலை முடிந்தது. எனக்கும் அது சரியாகவே பட்டது.

கமுந்திங் தொழிற்சாலை எங்களுக்குப் பெரிய வாடிக்கையாளர். ரப்பர் கையுறைக்கு உலகமெங்கும் தேவை கூடிக்கொண்டிருந்த காலம். தோட்டங்களிலிருந்து ரப்பர் பால் லாரிகளில் வரும். எடை போட்டு, ஒரு சீட்டு எழுதி அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே மூன்று பெண்கள் அவற்றைக் கம்ப்யூட்டரில் பதிவார்கள். படிவத்தின் முதல் கட்டம் எடை.

அலுவலகத் தலைவர் மிஸ்டர் லீ. அவருடைய அப்பா ஒரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் லீ பேசும் தமிழில் என் தமிழைவிடத் தோட்டம் அதிகம். அவர் தொலைபேசியில் கூப்பிட்டபோது எடுத்தது நான்.

"உங்க புரோகிராம் நல்லாத்தான் இருக்கு லா. எங்க பொம்பளதான் சரியில்ல. மொத நம்பர முழுங்கிடுறா. பதினோராயிரம் கிலோ பால் வந்தா ஆயிரம்னு போடுறா. தொட்டியில பால் நிக்குது, கம்ப்யூட்டர்ல இல்ல."

"மூணு பேருமா சார்?"

"ரெண்டு பேரு ஒழுங்கு. சரோஜா மட்டும்தான். அடுத்த திங்கக்கெழம அவள திரும்ப பேக்கிங்குக்கு அனுப்புறேன். அதுக்கு முன்னால வந்து மிஷின ஒரு தடவ பாத்துட்டுப் போ. பாக்காம அனுப்புனேன்னு பேரு வரக் கூடாது."

மறுநாள் பேருந்தில் போனேன். சரோஜா அக்காவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தடித்த கண்ணாடி. தோட்டம் மூடியதும் தொழிற்சாலையில் கையுறைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்கு வந்தவர். வேலை முடிந்து மாலையில் தட்டச்சுப் பள்ளிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, அதைக் காட்டித்தான் இந்த நாற்காலியைப் பிடித்தவர்.

"மிஸ், நான் சரியாத்தான் அடிக்கிறேன்" என்றார். "பொய் சொல்லல. ஆனா பாத்தா அங்க ஒண்ண காணோம். எனக்கே என் கை மேல சந்தேகம் வந்துருச்சு. பேக்கிங்ல எல்லாம் இப்பவே எனக்கு எடம் ஒதுக்கி வச்சுட்டு சிரிக்கிறாளுங்க."

நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

காணாமல் போனது எப்போதும் முதலில் இருக்கும் 'ஒன்று' என்பதால், முதலில் அந்த விசையைச் சந்தேகப்பட்டேன். விசைப்பலகையையே மாற்றினேன். மறுநாளும் ஓர் எடை குறைந்தது. அடுத்து, மற்ற இரு பெண்களின் இயந்திரத்தில் சரோஜா அக்காவை உட்காரவைத்தேன். அங்கேயும் குறைந்தது. அவர் நாற்காலியில் மற்றவர்களை உட்காரவைத்தேன். குறையவில்லை. இயந்திரம் குற்றமற்றது, தப்பு ஆளோடுதான் நகர்கிறது. மிஸ்டர் லீ, "பாத்தியா?" என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலை முழுவதும் சரோஜா அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். ஒரு தப்புகூட இல்லை. ஒவ்வொரு விசைக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். மெதுவாக அடித்தார். அடிக்க எதுவும் இல்லாத நேரத்திலும் பதற்றத்தில் விசைகளைத் தொட்டுக்கொண்டே இருந்தார்.

"நீங்க பின்னால நின்னா நான் பள்ளிக்கூடப் பிள்ள மாதிரி ஆயிடுறேன் மிஸ். முன்னால வாங்க. சாப்புடலாம்" என்றார்.

மேசையின் மறுபக்கம், இயந்திரத்தின் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளினார். அவர் மகளின் படிப்பைப் பற்றிப் பேசினோம். சரோஜா அக்கா அப்போதுதான் முதல்முறையாக என்னை மறந்தார். எனக்குத் திரை தெரியவில்லை. அவர் முகம் மட்டும் தெரிந்தது. அவருடைய தடித்த கண்ணாடியில், இரண்டு வில்லைகளிலும், மோகனின் வாழையிலைப் பச்சைக் குன்றுகள் சின்னதாகத் தெரிந்தன.

லாரி வந்தது. சீட்டு வந்தது. சரோஜா அக்கா கையைத் துடைத்துக்கொண்டு சீட்டை இடப்பக்கம் வைத்தார். தலை சீட்டின் பக்கம் திரும்பியது. விரல்கள் விசைகளில் அமர்ந்தன. முதல் தட்டு. கண்ணாடியின் ஓரத்திலிருந்த பச்சை மறைந்து வெண்ணிறம் வந்தது. கண்கள் சீட்டை விட்டு எழவே இல்லை. டக் டக் டக் டக்.

எழுந்து சுற்றி வந்து திரையைப் பார்த்தேன். சீட்டில் 11460. திரையில் 1460.

தட்டச்சு வகுப்பில் எங்களுக்கு முதல் நாள் சொல்லித்தருவது இதைத்தான்: கண் மூலத்தாளில் இருக்க வேண்டும், விரலையும் பார்க்கக் கூடாது, அடிக்கும் தாளையும் பார்க்கக் கூடாது. மற்ற இரண்டு பெண்களும் ஒற்றை விரலால் தேடித் தேடி அடிப்பவர்கள். திரையில் படத்தைப் பார்த்து, இடைவெளி விசையைத் தட்டி, படிவம் வரக் காத்திருந்து, பிறகு அடிப்பார்கள். சரோஜா அக்கா வகுப்பில் படித்தபடி அடித்தார். அவருடைய முதல் விசை படத்தைக் கலைக்கப் போய், அங்கேயே நின்றுவிட்டது. அந்த அறையில் ஒழுங்காகத் தட்டச்சு தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் தப்பும் அவருக்கு மட்டும்தான் வந்தது.

"அக்கா, உங்க கையில ஒண்ணும் கோளாறு இல்ல" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப திங்கக்கெழம?" என்று கேட்டார்.

"சனிக்கெழமைக்குள்ள சரி பண்ணி எடுத்துட்டு வாரேன்."

ஈப்போ திரும்பியதும் நேராகத் துரைசிங்கம் சாரிடம் போனேன். அவர் கேட்கும் முன்பே, "சரோஜாவுக்கு சார்" என்றேன். நாளிதழ் கீழே இறங்கியது. முழுவதையும் கேட்டார்.

"விதியை மாத்த ஏலாது பிள்ளை. பாரிட் புந்தாரிலை நடந்தது மறந்து போச்சே? எழுப்புற விசையை உள்ளுக்கு விட்டால் திரும்பவும் அதே கூத்துத்தான்."

"எல்லா விசையையும் விடச் சொல்லல சார். எண்ணும் எழுத்தும் மட்டும் உள்ள போகட்டும். எண்டரும் இடைவெளியும் அம்புக்குறியும் போகக் கூடாது. தூங்குற திரைய எழுப்பணும்னு தட்டுறவங்க எண்டரத்தான் தட்டுவாங்க, இல்லன்னா இடைவெளி. எண்ணத் தட்டுறவங்க வேலைய ஆரம்பிச்சுட்டாங்கன்னு அர்த்தம்."

சார் பேனாவால் மேசையைத் தட்டினார். "ஆரோ ஒருத்தரின்ரை முழங்கை ஒன்பதிலை படுது. படிவத்திலை ஒன்பது விழுந்து கிடக்குது. உம்மடை சரோஜா திரையைப் பார்க்கமாட்டா. அவ அதுக்குப் பின்னாலை பதினோராயிரத்தை அடிப்பா. இப்ப சொல்லும்."

இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். பார்க்காத ஒருவருக்குத் திரை எப்படிச் சொல்லும்? படத்தை எவ்வளவு அழகாக மாற்றினாலும் அவர் பார்க்கப்போவதில்லை. என் மேசையின் மறுமுனையில் விலைப்பட்டியல் அடிக்கும் பழைய தட்டச்சு இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வரி முடியும் இடம் வந்ததும், டிங். அடித்துக்கொண்டிருந்த பெண் தாளைப் பார்க்காமலே உருளையைத் தள்ளிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

தட்டச்சுக்காரிக்குக் கண் தாளில் இருக்கும்; காது இயந்திரத்தில் இருக்கும்.

நான்காவது புதிய வசதி அதுதான். எண்ணும் எழுத்தும் உள்ளே போகும்; ஆனால் படம் விலகிப் படிவம் வரும்போது, எந்த விசை எழுப்பினாலும் ஒரு மணி ஒலி. சரோஜா அக்கா தானே தட்டும்போது கேட்டால், படிவம் வந்துவிட்டது என்று பொருள். தான் தொடாதபோது கேட்டால், வேறு யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

வெள்ளிக்கிழமை தப்பு நேரத்தில் சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். எண்டர், இடைவெளி, குடை, கோப்பு, உள்ளங்கை, எல்லாம் நடந்தது. மோகன் தன் பங்குக்கு விசைப்பலகை மேல் ஒரு பலாச்சுளைப் பொட்டலத்தை வைத்தான். மணி அடித்தது. அடிக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் அடித்தது. கடைசியில் சார் கையை உதறிக்கொண்டு, "பறவாயில்லை" என்றார். அந்த அலுவலகத்தில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. பிறகு கார் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "நாளைக்கு நானும் வாறன்."

சனிக்கிழமை காலை புதிய நிரலை மூன்று இயந்திரங்களிலும் ஏற்றினேன். மிஸ்டர் லீ கைகளைக் கட்டிக்கொண்டு கதவருகில் நின்றார். சரோஜா அக்காவிடம் நான் சொன்னது ஒன்றுதான்: "எப்பவும் போல அடிங்க. மணி அடிச்சா பயப்படாதீங்க."

முதல் லாரி வர நேரமானது. குன்றுகள் வந்து திரையை நிறைத்தன. சீட்டு வந்தது. தலை திரும்பியது. முதல் தட்டு, டிங். விரல்கள் நிற்கவில்லை. மிஸ்டர் லீ குனிந்து சீட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். 10980. அங்கேயும் 10980. அடுத்த லாரி, அதற்கடுத்த லாரி. ஒன்றும் குறையவில்லை.

"மிஷின் சரி" என்றார் லீ. "ஆனா இவ திரும்பிப் பாக்காம அடிக்கிறது எனக்குப் பயமா இருக்கு லா. வேற எவனாச்சும் கைய வச்சா?"

துரைசிங்கம் சார் அதற்காகவே காத்திருந்தவர்போல் இருந்தார். சரோஜா அக்கா எழுந்து அறையின் மறுகோடியில், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, கோப்புகளை அடுக்கத் தொடங்கியிருந்தார். படம் வரும்வரை காத்திருந்தோம். சார் மெல்ல நடந்து போய், ஜன்னலுக்கு வெளியே எதையோ வேடிக்கை பார்ப்பவர்போல் நின்று, முழங்கையை ஒன்பதின் மேல் ஊன்றினார்.

டிங்.

"யாருலா என் மிஷின தொட்டது?"

சரோஜா அக்கா திரும்பக்கூட இல்லை. அலமாரியைப் பார்த்தபடியே கேட்டார். அடுத்த நொடிதான் சார் நிற்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். சார் முழங்கையை எடுத்துக்கொண்டு, "நான்தான் பிள்ளை. மன்னிக்க வேணும்" என்றார். சரோஜா அக்கா வந்து, விழுந்து கிடந்த ஒன்பதை அழித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு அந்த நாற்காலியின் அருகே யாரும் போகவில்லை.

மிஸ்டர் லீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"சரோஜா, திங்கக்கெழம நீ பேக்கிங்குக்குப் போற."

சரோஜா அக்காவின் கை விசைகளின் மேல் நின்றது.

"போயி, டைப்பிங் தெரிஞ்ச பொண்ணுங்க ரெண்டு பேர பாத்து கூட்டிட்டு வா. இல்லன்னா தெரியாத ரெண்டு பேர கூட்டிட்டு வந்து நீயே பழக்கு. ஒத்த வெரல்ல அடிக்கிறதுங்கள வச்சுக்கிட்டு நான் எப்ப வீட்டுக்குப் போறது?"

"பாஸ்!" என்றார் சரோஜா அக்கா. ஒற்றை விரல் பெண்கள் இருவரும்தான் முதலில் கைதட்டினார்கள்.

கார் தைப்பிங்கைத் தாண்டியது. துரைசிங்கம் சார், "மற்ற வாடிக்கையாளர் எல்லாருக்கும் இந்தப் புது நிரலை அனுப்பும்" என்றார்.

"ஆருக்கு சார்?" என்றேன்.

சாலையைப் பார்த்தபடியே சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்தத் தொழிற்சாலையின் இரண்டாவது கிளைக்கும் எங்கள் நிரல்தான் போனது. எண்ணும் எழுத்தும் உள்ளே போகலாம், எண்டரும் இடைவெளியும் போகக் கூடாது என்ற விதியை, அதன் பிறகு நான் வேலை பார்த்த எல்லா இடங்களிலும் எழுதியிருக்கிறேன். ஈப்போ நிறுவனம் மூடி வெகு காலமாகிறது. அந்தக் கடைவீட்டில் இப்போது பல் மருத்துவர் இருக்கிறார். துரைசிங்கம் சார் காலமாகிவிட்டார். சரோஜா அக்கா, தான் பழக்கிய ஆறு பெண்களுக்குத் தலைமை எழுத்தராக இருந்து, அதே அலுவலகத்தில் ஓய்வு பெற்றார். இப்போது தைப்பிங்கில் மகளோடு இருக்கிறார்.